சிப்பிக் குவியலும் பங்குச் சந்தையும்

1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டி என்ற மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு ஊர் முளைத்தது. தூத்துக்குடிப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம் முக்குளிப்போர், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள், பம்பாய் வியாபாரிகள், கடன் கொடுக்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று எல்லோரும் அங்கே கூடினார்கள். அந்த முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுக்கு மட்டும் கிடைத்த வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். அந்தக் கடலில் அதற்கு முன் எவரும் கண்டிராத தொகை அது.

சலாபத்தின் உயிர்நாடி கடலில் இல்லை, கரையில் நடந்த ஏலத்தில் இருந்தது. தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளை எண்ணிக் குவிப்பார்கள். மாலையில் ஏலம். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று கேட்பார்கள். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சிப்பியைத் திறந்து பார்க்கவும் முடியாது. ஒரு வாரம் அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தக் கூழைப் பலமுறை கழுவி, அடியில் தங்கும் மணலைச் சல்லடையில் அரித்த பிறகுதான் ஆணி முத்தா, தூளா, ஒன்றுமே இல்லையா என்பது வெளிச்சமாகும். அதற்குள் அவர் அடுத்த ஏழு நாள் ஏலங்களிலும் பணத்தைப் போட்டிருப்பார்.

இத்தனைக்கும் சிப்பியின் மதிப்பு பற்றிய தகவல் கைவசம் இருந்தது. சலாபத்துக்குப் பல மாதம் முன்பே சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, முத்துகளை நிபுணர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பி இவ்வளவு பெறும் என்று அரசே அறிவித்துவிடும். ஆனாலும் அதே பாரிலிருந்து, அதாவது அதே கடலடிச் சிப்பித் திட்டிலிருந்து வந்த சிப்பியின் விலை நாளுக்கு நாள் ஏறியது, இறங்கியது. யாருக்கோ பெரிய முத்து கிடைத்ததாக ஒரு பேச்சு பரவினால் மறுநாள் ஏலம் சூடு பிடிக்கும். பெரிய வியாபாரி ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார் என்றால் விலை தளரும். சிப்பி மாறவில்லை. பக்கத்தில் நிற்பவர் நாளை என்ன விலை கொடுப்பார் என்ற கணிப்புதான் மாறியது.

பங்குச் சந்தை திடீரெனச் சரிவது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் இந்த ஏலத்திலிருந்தே தொடங்கலாம். சரிவு நடந்த மறுநாள் பத்திரிகைகள் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துத் தலைப்பாக்கும். போர், தேர்தல், வட்டி, நோய் என்று ஏதோ ஒன்று அகப்படும். ஆனால் அதே அளவு கெட்ட செய்தி வேறு நாட்களிலும் வந்திருக்கும், சந்தை அசைந்திருக்காது. சரிவுக்கான சுமை அந்த நாளில் வந்து சேர்வதில்லை, முன்பே ஏறியிருக்கிறது. அன்றைய செய்தி கடைசித் தட்டு மட்டுமே.

முழுத் தகவலும் கையில் இருந்தால் மனிதர்கள் சரியாக விலை சொல்லுவார்களா என்பதைப் பொருளாதார அறிஞர் வெர்னன் ஸ்மித் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். 1988இல் அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில் உள்ள சோதனை எளிமையானது. ஒரு கற்பனைப் பங்கு, 15 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அந்தப் பங்கு சராசரியாக 24 சென்ட் ஈவுத்தொகை தரும். கடைசிச் சுற்று முடிந்ததும் அதற்கு மதிப்பே இல்லை. ஆக, தொடக்கத்தில் அது 3 டாலர் 60 சென்ட் பெறும். சுற்றுக்கு 24 சென்ட் குறைந்துகொண்டே வரவேண்டும். இந்தக் கணக்கு பங்கேற்ற எல்லோருக்கும் சொல்லப்பட்டது. மறைக்கப்பட்டது எதுவும் இல்லை.

அப்படியும் நடுச் சுற்றுகளில் விலை உண்மை மதிப்பைத் தாண்டி மேலே போனது. முடிவு நெருங்கும்போது பொத்தென்று விழுந்தது. சோதனையை வேறு வேறு குழுக்களிடம் நடத்தினாலும் பெரும்பாலும் இதே கதை. ஒரே குழு திரும்பத் திரும்ப விளையாடி அனுபவப்பட்ட பிறகுதான் குமிழி அடங்கியது. பங்கின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. இன்னொருவர் இன்னும் அதிகம் தருவார் என்ற நம்பிக்கையிலேயே ஒவ்வொருவரும் வாங்கினார்கள். ஸ்மித்துக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தின் செய்தி லண்டனை எட்டியபோது இதே மனநிலை பெரிய அளவில் வேலை செய்தது. இலங்கை முத்துக் குளிப்போர் கம்பெனி என்ற நிறுவனம் அங்கே தோன்றியது. 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் குத்தகைக்கு, இலங்கை அரசிடமிருந்து பார்களை அது எடுத்துக்கொண்டது. கணக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது: ஒரே பருவத்தில் 25 லட்சம் வந்த இடத்துக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் என்ன பெரிய தொகை!

தூத்துக்குடியில் கடல் தெரிந்த எந்தச் சம்மாட்டியை, எந்தத் தோணிக்காரரைக் கேட்டிருந்தாலும் அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று சொல்லியிருப்பார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பி ஆண்டுதோறும் விளைகிற பயிர் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் 1862க்குப் பிறகு அடுத்த சலாபம் 1889இல்தான் நடந்தது. இளஞ்சிப்பிகள் ஒரு பாரில் அடர்ந்து படிந்திருக்கும். மறு ஆய்வில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நீரோட்டம் மணலை வாரிப் போட்டு மூடியிருக்கும், அல்லது திருக்கை மீனும் கிளாத்தி மீனும் மேய்ந்துவிட்டிருக்கும். விலங்கியல் அறிஞர் ஹெர்ட்மன் 1902இல் வந்து இந்தப் பார்களை ஆராய்ந்தார். பெரிய பார் என்ற மேட்டில் குஞ்சுச் சிப்பிகள் பலமுறை குவிந்தும் பருவத்துக்கு வராமலே அழிந்துபோனதை அவருடைய அறிக்கை பதிவு செய்கிறது. அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, தூத்துக்குடிப் பார்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். நல்ல ஆண்டுகள் கொத்தாக வரும், வெறுமை அதைவிட நீளும் என்பது அச்சிலேயே கிடைத்த செய்தி.

கம்பெனிக்கு 1906இலும் 1907இலும் சிப்பி கிடைத்தது. அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இலங்கைப் பக்கம் அடுத்த சலாபம் நடக்க 1925 ஆயிற்று.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உச்சத்தில் இருந்த ஒரு ஆண்டை வழக்கமான ஆண்டாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. குமிழிகளின் வரலாறு முழுக்க இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் இது மெல்ல வடிந்த நஷ்டம். ஒரே நாளில் எல்லாம் கவிழ்வதற்கு இன்னொன்று வேண்டும்: கடன்.

அதைப் பார்க்க 1860களுக்குப் போகவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியதும், லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கப் பருத்தி நின்றது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே போன திருநெல்வேலிப் பருத்திக்கும் கிராக்கி வந்தது. ஆனால் பணம் பெருவெள்ளமாகப் பாய்ந்தது பம்பாயில். அந்தப் பணத்துக்குப் போக்கிடம் வேண்டியிருந்தது. வங்கிகள், நிதி நிறுவனங்கள், கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் கம்பெனிகள் என்று வாரம் ஒன்று முளைத்தன. பேக் பே நிலமீட்புக் கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை போனது. பம்பாய் வங்கியின் 500 ரூபாய்ப் பங்கு 2,850ஐத் தொட்டது. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகரின் ஒரு சொல்லுக்கு ஊரே காத்திருந்தது.

வாங்கியவர்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. 1865 ஜூலை 1ஆம் தேதி பணம் கட்டிப் பங்கை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குள் விலை ஏறிவிடும், விற்று லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். இன்னொரு பக்கம் பம்பாய் வங்கி பங்குகளையே ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தது. 1865 ஏப்ரலில் அமெரிக்காவில் தென் மாநிலப் படை சரணடைந்தது. பருத்தி விலை உடைந்தது. ஜூலை 1 வந்தபோது எல்லோரும் விற்பவர்களாக இருந்தார்கள், வாங்க ஆளில்லை. பேக் பே பங்கு 2,000க்கும் கீழே போனது. பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. சில ஆண்டுகளில் அந்த வங்கியே மூடப்பட்டது.

இந்தக் கடன் பொறியின் வேலையைச் சின்னக் கணக்கு ஒன்றில் பார்த்துவிடலாம். ஒரு வியாபாரி கையிலிருந்து 20 ரூபாய், கடனாக 80 ரூபாய் போட்டு 100 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்குகிறார். விலை 110 ஆனால் அவர் முதல் பாதி கூடிவிட்டது. 20 இப்போது 30. விலை 90 ஆனால் அவர் முதல் பாதி போய்விட்டது. 20 இப்போது 10. 80ஐ எட்டினால் அவரிடம் ஒன்றுமில்லை. கடன் கொடுத்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். 88, 87 என்று வரும்போதே இன்னும் பணம் கட்டு, இல்லையென்றால் விற்றுவிடுவேன் என்பார். பங்கு விற்கப்படுகிறது, அந்த விற்பனையே விலையை 85க்குத் தள்ளுகிறது. இப்போது 25 ரூபாய் போட்டு வாங்கியவருக்கும் நெருக்கடி. அவருடையதும் விற்பனைக்கு வருகிறது. சாதாரணமாக ஒரு பொருள் மலிந்தால் வாங்க ஆள் கூடுவார்கள். கடன் நிறைந்த சந்தையில் மலிவே விற்பவர்களைக் கூட்டுகிறது. விலை ஏறும்போது இதே சங்கிலி தலைகீழாக ஓடி, புதுக் கடனுக்கு இடம் தந்து, விலையை மேலும் ஏற்றியிருக்கும்.

பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் திதியே சொர்னெத், சந்தைச் சரிவை இயற்பியலில் வரும் நிலைமாற்றத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். தூத்துக்குடிக்காரருக்கு அதை விளக்க உப்பளம் போதும். பாத்தியில் நிற்கும் கடல்நீர் நாள்கணக்கில் வெயிலில் சுண்டுகிறது. பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். அதன் அடர்த்தி 25 டிகிரி போமேயை எட்டும் கட்டத்தில் உப்பு உறையத் தொடங்கிவிடுகிறது. உறைந்த அன்றைக்கு அடித்த வெயிலைக் காரணம் காட்டுவது எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவுதான் சரிவு நாளின் தலைப்புச் செய்தியும்.

பருத்தி இன்னொரு விதத்திலும் இந்த அறிவியலுக்கு உதவியது. கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட் 1963இல் பருத்தி விலைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1880 முதல் 1940 வரையிலான மாத விலைகளும் அவருடைய தரவுகளில் இருந்தன. அதுவரை விலை மாற்றங்கள் மனிதரின் உயரம் போல் மணிவடிவப் பரவலில் அமையும் என்றே கருதினார்கள். சராசரிக்கு அருகே பெரும்பாலானவை, அதிலிருந்து விலக விலக அநேகமாக எதுவும் இல்லை. பருத்தி விலை அப்படி நடந்துகொள்ளவில்லை. பெரிய தாவல்களும் பெரிய வீழ்ச்சிகளும் அந்தக் கணக்கு அனுமதித்ததைவிட மிக அதிகமாக இருந்தன. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. மணிவடிவக் கணக்கை நம்பினால், பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது. அது வந்தது. அந்தக் கணக்கை நம்பி எத்தனை பேர் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று தீர்மானித்தார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

அந்த 1987 சரிவு நடந்த சில நாட்களிலேயே பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் முதலீட்டாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். விற்கத் தூண்டிய செய்தி எது என்று கேட்டதற்கு, வெளியே நடந்த எதையும்விட விலை விழுந்த செய்தியையே அதிகம் பேர் முக்கியமாகச் சொன்னார்கள். விலை இறங்கினால் தானாக விற்கும்படி பெரிய நிதிகள் கணினியில் ஏற்பாடு செய்து வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

மறுபடி 1906க்கு. தமிழகத்தின் பொருளாதார வரலாற்றில் அந்த அக்டோபர் மாதம் மறக்க முடியாதது. 16ஆம் தேதி, தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை முன்னின்று நடத்திய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆறு நாள் கழித்து, 22ஆம் தேதி, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி தன் கதவை மூடியது. ஒரு நூற்றாண்டு பழமையான நிறுவனம். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், விதவைகள், அறக்கட்டளைகள் என்று ஆயிரக்கணக்கானோர் வட்டிக்குப் பணம் போட்டிருந்த இடம்.

அந்தப் பணம் எங்கே போனது? அர்பத்நாட்டின் லண்டன் கூட்டாளி பாட்ரிக் மக்பேடியன், சுரங்கப் பங்குகளிலும் ரயில்வேப் பங்குகளிலும் சூதாட்டம் போல் போட்டிருந்தார். நஷ்டத்தை மறைக்கப் புது வைப்புத்தொகை பயன்பட்டது. அவர் தற்கொலை செய்துகொண்ட இரண்டாம் நாள் சென்னை அலுவலகம் விழுந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடிய வி.கிருஷ்ணசுவாமி ஐயர், செட்டியார்களின் துணையோடு 1907இல் இந்தியன் வங்கியை உருவாக்கினார்.

இரண்டு கம்பெனிகளும் விழுந்தன. ஆனால் விழுந்த விதம் வேறு. வ.உ.சி.யின் கம்பெனியை எதிரிக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசப் பயணமே அறிவித்து நெருக்கியது. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்து அரசாங்கமும் கழுத்தைப் பிடித்தது. 1911இல் கம்பெனி கலைந்தது. அந்தப் பங்கை அன்றாடம் வாங்கி விற்கும் சந்தை அப்போது சென்னையில் இல்லை. சென்னைப் பங்குச் சந்தை தோன்றியதே 1920இல். பங்கை ஈடு வைத்துக் கடன், அந்தக் கடனில் மேலும் பங்கு என்ற சங்கிலியும் இல்லை. பங்கு வாங்கியவர் பணத்தை இழந்தார், அது பெரிய துயரம். ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரரின் வைப்புத்தொகையை இழுத்துக்கொண்டு போகவில்லை. அர்பத்நாட் இழுத்துக்கொண்டு போனது.

மெதுவான காரணமும் திடீர்ச் சரிவும் வேறு வேறு என்பதற்கு முத்தின் விலையே மிகத் தெளிவான சான்று. ஜப்பானின் மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் கருவை வைத்து அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். 1921 அளவில் முழு உருண்டையான வளர்ப்பு முத்து லண்டனிலும் பாரிஸிலும் கடைக்கு வந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. இயற்கை முத்தின் காலம் முடியப்போகிறது என்பது அன்றே தெரிந்த சேதி. ஆனாலும் 1920கள் முழுக்க இயற்கை முத்தின் விலை உச்சத்திலேயே நின்றது. பாரிஸ் முத்து வியாபாரிகள் வங்கிக் கடனில் சரக்கு வாங்கி இருப்பு வைத்திருந்தார்கள். 1929 அக்டோபர் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை அடுத்தடுத்த இரண்டு நாட்களில் 12.8, 11.7 சதவீதம் விழுந்தது. முத்து மாலை வாங்கும் அமெரிக்கச் செல்வந்தர் காணாமல் போனார். 1930இல் பாரிஸ் வங்கிகள் முத்து வியாபாரிகளுக்குக் கடனை நிறுத்தின. அதோடு விலை பாதாளத்துக்குப் போனது. வளர்ப்பு முத்து பத்து ஆண்டுகளாகச் செய்யாததை, கடன் நின்ற சில நாட்கள் செய்தன. பஹ்ரைன், குவைத் போன்ற ஊர்களில் முத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் நிர்க்கதியாயின.

நகை வணிகர் பியர் கார்த்தியே 1917இல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையை 100 டாலரும் ஒரு இரட்டைச் சர முத்து மாலையும் கொடுத்து வாங்கினார். மாலையின் அன்றைய மதிப்பு பத்து லட்சம் டாலர். 1957இல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது போன விலை ஒன்றரை லட்சம் டாலர் அளவுதான். மாளிகையில் கார்த்தியே கடை இன்றும் நடக்கிறது.

கடனில் ஏறிய விலை கடன் நின்றதும் கவிழும் இதே நாடகம் இந்தியாவில் 1992இல் நடந்தது. ஹர்ஷத் மேத்தா என்ற பங்குத் தரகர் வங்கிகளின் பணத்தைப் போலி ரசீதுகள் வழியே பங்குச் சந்தைக்குத் திருப்பினார். ஓராண்டில் விலைகள் பல மடங்காயின. ஏப்ரல் 23 அன்று இதை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் சுசேதா தலாலின் செய்தி வெளிவந்தது. 28ஆம் தேதி பம்பாய்ச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 12.77 சதவீதம் விழுந்தது. வங்கிப் பணம் திரும்பக் கேட்கப்பட்டதும் பிடித்து நிறுத்த ஆளில்லை.

இப்போது சந்தைக்குத் தடுப்பு உண்டு. குறியீடு 10, 15, 20 சதவீதம் நகர்ந்தால் வர்த்தகம் நிறுத்தப்படும் என்ற விதியைச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2001இல் கொண்டுவந்தது. 2020 மார்ச் 23, கொரோனா ஊரடங்கு நேரம், காலை பத்து மணிக்கு முன்பே 10 சதவீதம் விழுந்து 45 நிமிடம் சந்தை நின்றது. திறந்த பிறகும் இறக்கம் ஓயவில்லை. அன்று முடிவில் சென்செக்ஸ் 13 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தது. இடைவேளை பீதியைத் தணிக்கும், யோசிக்க நேரம் தரும். கடன்காரரின் கெடுவை அது தள்ளிப்போடாது.

அந்தக் கெடு இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. எதிர்கால ஒப்பந்தத்தில் சிறு முன்பணம் கட்டிப் பல லட்ச ரூபாய்ச் சரக்கின் ஏற்ற இறக்கத்தை ஏற்கலாம். மாலைக்குள் நஷ்டத்துக்குப் பணம் கட்டாவிட்டால் தரகு நிறுவனம் தானே விற்றுக் கணக்கை முடித்துவிடும். 1865 ஜூலை 1 இப்போது ஒவ்வொரு வர்த்தக நாளும் வருகிறது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள்; மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதன் பிறகு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு 5 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்கள் ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. நல்ல நடவடிக்கைகள். ஆனால் சந்தைக்குத் தெரிவது தரகரிடம் உள்ள முன்பணக் கணக்கு மட்டுமே. அந்த முன்பணத்தைக் கட்ட ஒருவர் நகையை அடகு வைத்தாரா, தனிநபர் கடன் செயலியில் வாங்கினாரா என்பது எந்தச் சந்தையின் திரையிலும் வருவதில்லை. அடுத்த சரிவின் ஆழத்தை நிர்ணயிக்கப்போவதில் அந்தக் கடனுக்கும் பங்கு உண்டு.